தென்பெண்ணைக் கரையோரத்தாருக்கு ஆட்சிக் குழுவில் இடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி அணையின் இடதுபுறக் கால்வாயில், கடைமடைக்குச் சற்று மேலே நிலம் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். தென்பெண்ணைக்கென ஒரு பாதுகாப்பு அமைப்பு வேண்டும் என்ற பேச்சு எங்கள் பக்கத்து ஊர்களில் எழும்போதெல்லாம், அதன் ஆட்சிக் குழுவில் யார் உட்காருவது என்ற இடத்தில் முட்டி நின்றுவிடுகிறது. அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், படித்தும் பெரியவர்களிடம் கேட்டும் நான் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

ஆற்றின் எந்தப் பகுதியைப் பற்றிய பேச்சு இது?

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, அங்கே தட்சிண பினாகினி என்ற பெயரில் பெங்களூருக்குக் கிழக்கே ஓடி, பாகலூர் பக்கமாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் பெருநகரத்தின் கழிவுநீரும் இந்த ஆற்றில்தான் வந்து சேருகிறது. ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணை, அதற்குக் கீழே கிருஷ்ணகிரி அணை, பிறகு காவேரிப்பட்டணம், நெடுங்கல், இருமத்தூர், அனுமன்தீர்த்தம் என்று கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரண்டு மாவட்டங்களையும் தொட்டுக்கொண்டு போய், திருவண்ணாமலை மாவட்டத்தின் சாத்தனூர் அணையை அடைந்து, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. கெலவரப்பள்ளிக்கு 8,000 ஏக்கர், கிருஷ்ணகிரி அணைக்கு 9,012 ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது அணை நீரால் பாசனம் பெறும் நிலம். இந்த ஆற்றை நம்பி ஆயக்கட்டுக்கு வெளியே கிணற்றுப் பாசனம் செய்வோரும், குடிநீர் எடுக்கும் ஊர்களும், மீன் பிடிப்போரும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

இந்த ஆற்றுக்கெனத் தனி அமைப்பு எதுவும் இப்போது இல்லையா?

ஆட்சிக் குழுவுடன் கூடிய தனிப் பாதுகாப்பு அமைப்பு இல்லை. அணையும் கால்வாயும் நீர்வளத் துறையிடம், கழிவுநீர்க் கண்காணிப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம், குடிநீர் வழங்கல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்திடம், கரைப் புறம்போக்கு வருவாய்த் துறையிடம் என்று தென்பெண்ணை துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கெலவரப்பள்ளி மதகிலிருந்து நுரை மலைபோல் எழுந்து சாலையை மூடும் நாளில், மாதிரி எடுப்பது ஓர் அலுவலகம், மதகைத் திறப்பது இன்னோர் அலுவலகம், வயலுக்கு ஏற்பட்ட சேதத்தைப் பார்ப்பது மூன்றாவது அலுவலகம். இவற்றை ஒரே மேசையில் உட்காரவைக்கும் அமைப்பு வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் அந்த மேசையில் அலுவலகங்கள் மட்டுமே உட்காருமானால், ஊரில் இருப்பவர்களுக்கு அதனால் பெரிய மாற்றம் எதுவும் தெரியப்போவதில்லை என்பது என் கருத்து.

காவிரிக்கு ஆணையம் இருக்கிறதே, அதில் நம் மாவட்டத்தார் இருக்கிறார்களா?

இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பின்படி, அவ்வாண்டு ஜூன் மாதம் அமைக்கப்பட்ட காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தில் ஒரு தலைவர், இரண்டு முழுநேர உறுப்பினர்கள், மத்திய அரசின் சார்பில் இரண்டு பகுதிநேர உறுப்பினர்கள், தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், புதுச்சேரி ஆகியவற்றின் சார்பில் தலா ஒரு பகுதிநேர உறுப்பினர் ஆகியோர் இருக்கின்றனர். மாநிலங்களுக்காக அமர்பவர்கள் நீர்வளத் துறைச் செயலாளர்கள். அந்தத் தீர்ப்பின்படி தமிழ்நாட்டுக்குரிய 177.25 டி.எம்.சி. தண்ணீர் அளக்கப்படும் பிலிகுண்டுலு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே அளந்த தண்ணீர் அடுத்துக் கொட்டும் ஒகேனக்கல் தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது. அளவுகோல் நம் மண்ணில் நட்டிருக்க, அளவைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் இந்த மண்ணிலிருந்து ஒருவரும் இல்லை.

இதைக் குறையாகச் சொல்லும்போது ஒன்றையும் மறக்கக் கூடாது. மாநிலங்களுக்கிடையே தண்ணீரைப் பங்கிடும் தீர்ப்பை நிறைவேற்றவே அந்த ஆணையம் உருவாக்கப்பட்டது. அரசுகள் அரசுகளோடு பேசும் இடம் அது. ஆற்றைச் சுத்தமாக வைத்திருப்பதும், கரையைக் காப்பதும், கழிவைத் தடுப்பதும் வேறு வேலை. அந்த வேலைக்குக் காவிரி ஆணையத்தின் அமைப்பை அப்படியே படியெடுப்பதுதான் தவறாகும்.

உள்ளூர்ப் பிரதிநிதிக்கு இடம் தரும் சட்டம் ஏதாவது நம் நாட்டில் இருக்கிறதா?

இருக்கிறது, பலருக்கும் இது தெரியாது. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினர்களிலிருந்து 5 பேருக்கு மேற்படாமலும், வேளாண்மை, மீன்வளம், தொழில், வணிகம் ஆகியவற்றின் நலனைக் காக்க 3 பேருக்கு மேற்படாமலும் மாநில அரசு நியமிக்கலாம் என்கிறது. கங்கைக்காக 2016 அக்டோபரில் மத்திய அரசு பிறப்பித்த ஆணை, மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கங்கைக் குழுக்களை உருவாக்கி, அவற்றில் நகராட்சிகளிலிருந்தும் கிராம ஊராட்சிகளிலிருந்தும் இரண்டு பேருக்கு மேற்படாமல் மாநில அரசு நியமிக்க வழி செய்திருக்கிறது.

இரண்டிலும் 'மேற்படாமல்' என்ற சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்துக்கு மேற்படாமல் என்று எழுதினால் ஒருவரை நியமித்தாலும் சட்டம் நிறைவேறிவிடுகிறது. 'குறையாமல்' என்று எழுதினால்தான் நாற்காலி நிச்சயமாகும். புதிதாக ஓர் அமைப்புக்கு விதி எழுதும்போது இந்த ஒரு சொல்லுக்காக மட்டுமே நாம் நாள்கணக்கில் வாதாடலாம். அதற்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

இதற்கு எதிர்முனையில் 1956ஆம் ஆண்டு ஆற்று வாரியங்கள் சட்டம் நிற்கிறது. பாசனம், மின்பொறியியல், வெள்ளத் தடுப்பு, நீர்வழிப் போக்குவரத்து, நீர்ப் பாதுகாப்பு, மண் பாதுகாப்பு, நிர்வாகம், நிதி ஆகியவற்றில் தனித்த அறிவும் அனுபவமும் உடையவரே உறுப்பினராகலாம் என்று அது சொல்கிறது. ஆற்றங்கரையில் வாழ்ந்த அனுபவம் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தச் சட்டத்தின் கீழ் இதுவரை ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை. மறுபுறம், அரசமைப்புச் சட்டத்தின் 243இசட்டி பிரிவு, மாவட்டத் திட்டக் குழுவின் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களால், அவர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது. மாவட்டத்தின் திட்டத்துக்கு ஐந்தில் நான்கு பங்கு கொடுக்க முடியுமானால், மாவட்டத்தின் ஆற்றுக்கு மூன்றில் ஒரு பங்காவது கேட்பது பேராசை ஆகாது.

மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. அதில் பேசினால் போதாதா?

அந்தக் கூட்டம் வேண்டும். நான் தவறாமல் போகிறேன். ஆனால் அங்கே நாம் மனுதாரர்கள். எடுத்து முடித்த முடிவைப் பற்றி முறையிடுகிறோம். அலுவலர் பதில் சொல்கிறார். அத்துடன் கூட்டம் முடிகிறது. ஆட்சிக் குழுவில் உறுப்பினராக இருப்பவர் முடிவு எடுக்கப்படும் முன்பே கோப்பைப் படிக்கிறார், வரவு செலவுத் திட்டத்துக்கு வாக்களிக்கிறார், மறுப்பு இருந்தால் அது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகிறது. இந்த மூன்றும் குறைதீர்க்கும் நாளில் கிடைக்காது.

'சிறப்பு அழைப்பாளர்' என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார்களே?

ஏற்கக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் கால்வாய்ச் சீரமைப்பு பற்றிய ஒரு கூட்டத்துக்கு எங்கள் ஊரிலிருந்து இருவரை அழைத்தார்கள். முதல் நாள் மாலை தொலைபேசியில் சொன்னார்கள். போய் உட்கார்ந்தபோது மதிப்பீடு தயாராகி, ஒப்பந்தமும் முடிவாகியிருந்தது. தேநீர் கொடுத்து, கையெழுத்து வாங்கி, 'விவசாயிகளிடம் கருத்துக் கேட்கப்பட்டது' என்று குறிப்பு எழுதிக்கொண்டார்கள். அழைப்பாளரை அழைக்காமலும் இருக்கலாம் என்பதே அந்தப் பதவியின் பலவீனம்.

பிரதிநிதியை யார் தேர்ந்தெடுப்பது?

கூட்டங்களில் அதிக நேரம் விவாதிக்கப்படும் கேள்வி இதுதான். மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன.

அரசே நியமிக்கட்டும் என்பது முதலாவது. இது எளிது, ஆனால் நியமித்தவருக்கே நியமிக்கப்பட்டவர் கடமைப்பட்டிருப்பார்.

ஊராட்சித் தலைவர்களும் நகர மன்ற உறுப்பினர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கட்டும் என்பது இரண்டாவது. மக்கள் வாக்களித்து வந்தவர்கள் என்பதால் இதற்கு வலு அதிகம். தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடங்கள் ஒதுக்கப்பட்டிருப்பதால் பெண்களும் வர வாய்ப்புண்டு. இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நம் இரு மாவட்டங்களிலும் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2016 முதல் 2019 வரையிலும் இதே நிலைதான். ஊராட்சித் தலைவர் என்ற முறையில் ஒருவர் ஆட்சிக் குழுவில் உட்கார்ந்திருந்தால், தலைவர் பதவி போன அன்றே ஆற்றின் நாற்காலியும் காலியாகிவிடும், அல்லது அதில் தனி அலுவலர் வந்து அமர்வார். அப்போது எந்த அலுவலர்களுக்கு மாற்றாக உள்ளூர்க் குரல் கேட்டோமோ, அந்த அலுவலரே உள்ளூர்க் குரலாகிவிடுவார். ஆகவே, உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனாலும் அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படும்வரை பழைய பிரதிநிதியே தொடர்வார் என்றும், அரசு அலுவலர் எவரும் உள்ளூர் இடத்தில் அமரக் கூடாது என்றும் விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது வழி பாசன சங்கங்கள். பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்காகத் தமிழ்நாடு 2000ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தல் முறையை வகுத்திருக்கிறது. தண்ணீர் விவரம் தெரிந்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் இச்சங்கங்களில் உறுப்பினராக ஆயக்கட்டில் நிலம் இருக்க வேண்டும். நிலமில்லாதவருக்கு ஆற்றில் பங்கில்லை என்றாகிவிடும்.

என் எண்ணத்தில், உள்ளூர் இடங்களில் பாதியை ஊராட்சி, நகராட்சி உறுப்பினர்களும், மீதியில் ஒரு பகுதியைப் பாசன சங்கங்களும் தேர்ந்தெடுப்பதும், எஞ்சியதை நிலமில்லாதோருக்கென வைப்பதும் நடைமுறைக்கு ஒத்துவரும்.

நிலமில்லாதோர் என்றால் யார்?

அணையில் வலை போடும் மீனவர்கள், குத்தகைக்குப் பயிரிடுவோர், துறையில் துணி வெளுப்போர், ஆற்றோரம் ஆடு மாடு மேய்ப்போர், காவிரிப் பக்கம் என்றால் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுவோர். தண்ணீரின் நிறமும் வாடையும் மாறும்போது முதலில் தெரிந்துகொள்பவர்களும் இவர்கள்தான். பட்டா கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருப்பதால் வயலில் நாள் முழுவதும் நிற்கும் பெண்களும் சங்கப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. நெதர்லாந்தில் பல நூற்றாண்டுகளாக இருந்துவரும் நீர் வாரியங்களில் பெரும்பாலான உறுப்பினர்களை வசிப்போர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேளாண்மைக்கும் இயற்கைக்கும் சில இடங்கள் மட்டும் தனியே ஒதுக்கப்படுகின்றன. நிலமும் தண்ணீரும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்ற பழைய எண்ணத்திலிருந்து அவர்கள் அவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள்.

இடங்களை மக்கள்தொகைப்படி பிரிப்பதா, ஆற்றின் நீளப்படி பிரிப்பதா?

மக்கள்தொகையை மட்டும் பார்த்தால் ஓசூர் மாநகராட்சியே பெரும்பாலான இடங்களை எடுத்துக்கொள்ளும். இருமத்தூருக்கும் அனுமன்தீர்த்தத்துக்கும் ஒன்றும் மிஞ்சாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 1946இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் ஆற்றுப்படுகைதோறும் பாதுகாப்பு ஆணையங்கள் இயங்குகின்றன. அவற்றின் உறுப்பினர்களை அந்தந்த உள்ளாட்சிகளே நியமிக்கின்றன. 10,000 பேருக்குக் குறைவான சிற்றூராட்சிக்கும் ஓர் இடம் உண்டு. 10 லட்சத்தைத் தாண்டிய பெருநகருக்கும் 7 இடங்கள்தான். சிறிய ஊர் விடுபடாமலும், பெரிய நகரம் கூட்டத்தையே விழுங்காமலும் இருக்க இது ஒரு நல்ல ஏற்பாடு.

நமக்கு ஆற்றை நீட்டமாகப் பிரித்துக்கொள்வது இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன்: எல்லையிலிருந்து கெலவரப்பள்ளி வரை, அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை வரை, அணையிலிருந்து நெடுங்கல் அணைக்கட்டும் பாரூர் ஏரிப் பாசனமும் அடங்கிய பகுதி, அதற்குக் கீழே இருமத்தூர் முதல் மாவட்ட எல்லை வரை. ஒவ்வொரு பகுதியின் வேதனையும் வேறு. மேலே நுரையும் வாடையும்; நடுவில் மதகும் முறைப்பாசனமும்; கீழே வறட்சியில் மணலும், மழையில் திடீர் வெள்ளமும். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று உடைந்து சேர்த்த தண்ணீர் வீணாகப் போனபோது ஆயக்கட்டுக்காரர் பட்ட வலியை ஓசூர்க்காரர் எடுத்துச் சொல்ல முடியாது. அதுபோல, நுரை படிந்த வயலைப் பற்றி நான் பேசினால் அதில் உயிர் இருக்காது.

ஆலைகளின் பிரதிநிதியைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் உள்ளூர் இடங்களின் கணக்கில் சேர்க்கக் கூடாது. தன் ஆலையின் வடிகாலோ தன் சங்கத்தைச் சேர்ந்தவரின் வடிகாலோ விவாதத்துக்கு வரும்போது அவர் வாக்களிக்காமல் விலக வேண்டும். இதே விதி, கரையை ஆக்கிரமித்திருக்கும் விவசாய உறுப்பினருக்கும், கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடும் நகராட்சியின் உறுப்பினருக்கும் பொருந்த வேண்டும்.

கழிவு வருவதே கர்நாடகத்திலிருந்து. நம் பிரதிநிதி இங்கே உட்கார்ந்து என்ன செய்வார்?

தமிழ்நாடு இயற்றும் சட்டம் மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டாது என்பது உண்மை. இந்த ஆற்றின் மேல் 1892ஆம் ஆண்டு சென்னை, மைசூர் ஒப்பந்தம் இருக்கிறது. துணையாறான மார்க்கண்டேய நதியின் குறுக்கே கோலார் மாவட்டத்து யர்கோலில் கட்டப்பட்ட அணையை எதிர்த்துத் தமிழ்நாடு 2018இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, 2019 நவம்பரில் தீர்ப்பாயம் அமைக்கும்படி மத்திய அரசைக் கேட்டது. மாநிலங்களுக்கிடையே உள்ள அந்த வழக்கில் ஆட்சிக் குழுவின் உள்ளூர் உறுப்பினருக்கு வேலையில்லை.

ஆனால் அந்த வழக்குக்கு ஊட்டம் தருவது ஆதாரம். எந்த நாளில், எந்த நேரத்தில், தண்ணீர் என்ன நிறத்தில் வந்தது, எத்தனை நாள் நின்றது, எந்தக் கிணறு கெட்டது என்ற பதிவை ஆண்டுக்கணக்கில் விடாமல் வைத்திருக்கக்கூடியவர்கள் கரையோரத்தார். அதை அமைப்பின் அதிகாரபூர்வமான பதிவேட்டில் ஏற்றச் செய்யும் உரிமை உறுப்பினருக்கு உண்டு.

இதில் நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. நாம் மேலே பார்த்துக் கேட்பதை நமக்குக் கீழே இருப்பவர்களும் கேட்பார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரை மூழ்கி, சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறக்கப்பட்டபோது, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் பட்ட பாட்டை நாம் பார்த்தோம். சாத்தனூருக்குக் கீழே உள்ள ஊர்களுக்கும் அந்தக் குழுவில் இடம் வேண்டும்; அதனால் நம் இடங்களில் ஒன்றிரண்டு குறைந்தாலும் சரி.

தொழில்நுட்பம் தெரியாதவர்கள் பொறியாளர்களோடு உட்கார்ந்து என்ன பேசுவார்கள்?

கூட்டக் குறிப்புகளைக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னதாகத் தமிழில் கொடுத்தால் நன்றாகவே பேசுவார்கள். கூட்டத்தை எப்போதும் சென்னையில் வைக்காமல் ஓசூர், கிருஷ்ணகிரி, அரூர் என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். வருபவருக்குப் பயணப்படியோடு அன்றைய கூலியையும் தர வேண்டும். இல்லாவிட்டால் வசதியுள்ளவர் மட்டுமே பிரதிநிதியாக இருக்க முடியும். ஆய்வறிக்கையைப் படித்து விளக்க, அமைப்பின் செலவில் உள்ளூர் உறுப்பினர்களுக்கென ஓர் ஆலோசகரை வைத்துக்கொடுப்பது பெரிய செலவில்லை.

நம்மவர் ஒருவர் உள்ளே போய்விட்டால் போதும் அல்லவா?

போதாது, இதைத்தான் எல்லாக் கூட்டங்களிலும் நான் வலியுறுத்துகிறேன். நாற்காலி கிடைப்பதோடு பிரதிநிதித்துவம் வந்துவிடுவதில்லை. போனவர் திரும்பி வந்து ஊருக்குச் சொல்ல வேண்டும். நம்மிடம் சங்கத் தலைவராகி, அலுவலகத்தில் மரியாதை கிடைத்ததும் ஊர்ப் பக்கமே வராமல் போனவர்கள் உண்டு. அவர்கள் கெட்டவர்கள் அல்லர்; வந்து சொல்ல வேண்டும் என்று அவர்களை எந்த விதியும் கட்டவில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டு எல்லோருக்கும் தெரியும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்த விதிகளின்படி, குடும்புகள் எனப்பட்ட ஊரின் 30 பிரிவுகளிலிருந்து குடவோலை மூலம் எடுக்கப்பட்டவர்களில் 6 பேர் ஏரி வாரியத்தில் அமர்ந்தார்கள். குடவோலையைப் பற்றிப் பேசுபவர்கள் அடுத்த விதியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர்கள். அந்த முறை நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதைப் பெருமையோடு எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்ற விதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் இதைச் செய்ய இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். ஒவ்வொரு உள்ளூர் உறுப்பினரும் தன் பகுதியின் கிராம சபை ஒன்றில் அந்த நாளில் நேரில் நின்று, எந்தெந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தேன், ஏன் வாக்களித்தேன் என்று சொல்ல வேண்டும். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் சொல்லாதவரின் இடம் தானே காலியாகிவிடும் என்று விதி இருக்க வேண்டும்.

எங்கள் ஊர் இப்போதே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். 'தென்பெண்ணைக்குப் பாதுகாப்பு அமைப்பு வேண்டும்' என்று பொதுவாக எழுதாமல், ஆட்சிக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வாக்குரிமையுள்ள உள்ளூர் உறுப்பினர்கள், அவர்களில் பாதிப் பேர் பெண்கள், நிலமில்லாதோருக்குத் தனி இடம், அரசு அலுவலர் அந்த இடங்களில் அமரத் தடை, ஆண்டுக்கொரு முறை கிராம சபையில் கணக்கு என்று விவரமாக எழுதுங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று அன்றே பார்த்து, நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை கூட்டப்படுவதால் தேர்தலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதோடு, ஆற்றுக்கு அருகே வீடு உள்ள ஒருவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தண்ணீர் வரும் நாளையும் நிறத்தையும் நாளுக்கு ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் பள்ளி இறுதி வகுப்பு படிக்கும் ஒரு பெண் அதை எழுதிவருகிறாள்.